விவசாயிகளின் கத்தோலிக்க நாட்டில் கம்யூனிசம் வந்திருக்குமா? அயர்லாந்து பற்றிக் கேள்வி பதில்

1917க்குப் பிந்தைய அயர்லாந்து பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ரஷ்யாவும் விவசாய நாடுதானே சார், அங்கே புரட்சி வந்தது. அயர்லாந்தும் அப்போது கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பாதிரியார்கள் விடவில்லை, அவ்வளவுதானே?

பதில்: பாதிரியார்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் நான் முதலில் சொல்வது பட்டாவை. 1917இல் ரஷ்ய விவசாயி பண்ணையாரின் நிலத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். அயர்லாந்துக் குத்தகைதாரர் கைக்கு அது ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. 1879இல் மேயோ மாவட்டத்தில் தொடங்கிய நிலப் போராட்டத்துக்குப் பிறகு, பிரிட்டிஷ் அரசு ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் போட்டது. பெரியது 1903இன் விண்டம் சட்டம். நிலச்சுவான்தாருக்கு அரசே பணம் கொடுத்துவிடும், விவசாயி 3.25 சதவீதக் கணக்கில் அறுபத்தெட்டரை ஆண்டுகளுக்குத் தவணை கட்ட வேண்டும். பல இடங்களில் தவணை பழைய குத்தகையைவிடக் குறைவு! முதல் உலகப் போர் தொடங்குவதற்குள் பெரும்பாலான குத்தகைதாரர்கள் நிலத்தை வாங்கிவிட்டார்கள், அல்லது வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிலப் போராட்டத்தின் தலைவர் மைக்கேல் டேவிட், நிலம் முழுவதையும் தேசவுடைமை ஆக்க வேண்டும் என்றும் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொந்த வயலுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பவரிடம் பொதுவுடைமை பேசினால் எப்படி எடுபடும்?

கேள்வி: நிலமே இல்லாத கூலிக்காரர்கள் இருந்திருப்பார்களே?

பதில்: இருந்தார்கள், ஒரு காலத்தில் ஏராளமாக. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதில் முதலில் விழுந்தவர்கள் கூலிக்காரர்களும் துண்டு நிலக்காரர்களும்தான். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் கப்பல் ஏறினார்கள். புரட்சிக்கு ஆள் சேர்க்க வேண்டிய வர்க்கம் ஊரிலேயே இல்லை. கிராமத்துத் தேவாலயத்தைவிட இந்தக் கப்பல்கள்தான் கம்யூனிசத்துக்குப் பெரிய தடை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கேள்வி: அங்கே ‘சோவியத்’ என்ற பெயரிலேயே ஆட்சி நடந்ததாமே?

பதில்: ஆமாம், சோவியத் என்றால் தொழிலாளர் குழு என்ற பொருளில். லிமெரிக் நகரம், 1919 ஏப்ரல். பிரிட்டிஷ் ராணுவம் நகரைச் சுற்றி வளைத்து, உள்ளே போகவும் வெளியே வரவும் அனுமதிச் சீட்டு கேட்டது. வேலைக்குப் போகவே ராணுவத்திடம் சீட்டு வாங்க வேண்டுமா என்று தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. சுமார் இரண்டு வாரம் நகரமே அவர்கள் கையில். ரொட்டி, பால் விலையைக் குழு நிர்ணயித்தது. ஷில்லிங் கணக்கில் சொந்தமாக நோட்டு அடித்தார்கள், கடைக்காரர்களும் வாங்கிக்கொண்டார்கள். அப்போது அங்கே போன ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார்: மூவேளை ஜெப மணி அடித்ததும், சிவப்புப் பட்டை அணிந்த காவல் தொண்டர்கள் எழுந்து நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு இதில் எந்த முரணும் தெரியவில்லை. கடைசியில் ஆயரும் மேயரும் சேர்ந்து கேட்டுக்கொள்ள, வேலைநிறுத்தம் முடிந்தது.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது, மறு ஆண்டு நாக்லாங் ஊரில் நடந்தது. கூலித் தகராறில் தொழிலாளர்கள் வெண்ணெய் ஆலையைக் கைப்பற்றிச் செங்கொடி ஏற்றினார்கள். “நாங்கள் எடுப்பது வெண்ணெய், லாபம் அல்ல” என்று பலகை வைத்தார்கள். கேட்ட கூலி சில நாட்களிலேயே கிடைத்தது. ஆனால் 1922இல் அதே முதலாளியின் ஆலைகளைப் பெரிய அளவில் கைப்பற்றியபோது கதை மாறிவிட்டது. ஆலையைப் பிடிக்கலாம், பால் யார் ஊற்றுவது? நிலம் வைத்திருந்த விவசாயிகள் பால் தர மறுத்தார்கள். அப்புறம் புதிதாகச் சுயாட்சி பெற்ற அயர்லாந்து அரசின் ராணுவமே வந்து செங்கொடியை இறக்கியது.

கேள்வி: ஜேம்ஸ் கனோலி நாத்திகரா, கத்தோலிக்கரா?

பதில்: அயர்லாந்தின் சோசலிசத் தலைவர் கனோலி பற்றி இரண்டு பக்கமும் சண்டை போடும் விஷயம். நம்பிக்கை இல்லாமலேயே கத்தோலிக்கராகக் காட்டிக்கொள்வதாக 1908இல் நண்பருக்கு எழுதினார். 1916 மே மாதம், பிரிட்டிஷாருக்கு எதிரான டப்ளின் எழுச்சிக்காக நாற்காலியில் உட்காரவைத்துச் சுடப்படுவதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கினார். மனதுக்குள் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

கேள்வி: அப்படியென்றால் திருச்சபை ஒன்றுமே செய்யவில்லை என்கிறீர்களா? சப்பைக்கட்டு மாதிரி இருக்கிறது.

பதில்: இல்லை இல்லை, நிறையச் செய்தது. 1913 டப்ளின் கதவடைப்பில், பட்டினி கிடந்த தொழிலாளர் குழந்தைகளை இங்கிலாந்தில் ஆதரவாளர்கள் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடானது. பேராயர் வால்ஷ் எதிர்த்தார். பாதிரியார்கள் துறைமுகத்துக்கே போய்க் குழந்தைகளைத் தடுத்தார்கள். 1933 தவக்காலத்தில், பிரசங்கம் கேட்டுச் சூடேறிய கும்பல் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டே டப்ளின் கம்யூனிஸ்ட் அலுவலகத்தைத் தாக்கியது. அதே ஆண்டு லீட்ரிம் மாவட்டத்தில் ஜிம் கிரால்டன். அமெரிக்காவிலிருந்து திரும்பி, சொந்த ஊரில் ஒரு கூடம் கட்டி நடனம், வகுப்பு, நிலத் தகராறு விசாரணை என்று நடத்தியவர். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்பதைப் பிடித்துக்கொண்டு, விசாரணையே இல்லாமல் நாடு கடத்தினார்கள். பிறந்த மண்ணிலிருந்து ‘அந்நியர்’ என்று!

ஆனால் போர்ச்சுகலைப் பாருங்கள். 1975இல், ஒரே நாட்டில், ஒரே மதத்தில்: தெற்கே அலென்தேஜுவில் பெரும் பண்ணைகளின் கூலிக்காரர்கள் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் கைப்பற்றினார்கள், கம்யூனிஸ்ட் கட்சிக்கு அங்கேதான் பலம். வடக்கே, ஆளுக்கொரு துண்டு சொந்த நிலம் வைத்திருந்த ஊர்களில் அதே கட்சி அலுவலகங்களைக் கொளுத்தினார்கள். தெற்கில் கோயிலுக்குப் போகிறவர்கள் குறைவு என்பதும் உண்மைதான், அதை மறைக்கவில்லை. இத்தாலியில் 1949இல் வாட்டிகன் கம்யூனிஸ்டுகளைச் சபை விலக்கம் செய்தது. எமிலியா பகுதியில் விளைச்சலைப் பங்கிட்டு வாரத்துக்கு உழுத குடியானவர்கள் அதற்குப் பிறகும் அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். அயர்லாந்தில் பாதிரியாரின் பேச்சு எடுபட்டதற்குக் காரணம், அவர் பெரும்பாலும் குடியானவர் வீட்டுப் பிள்ளை, நிலப் போராட்டத்திலும் கூட நின்றவர்.

கேள்வி: மாஸ்கோ பணம் கொடுத்ததா?

பதில்: 1920இல் நடந்தது தலைகீழ்! தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட அயர்லாந்துக் குடியரசுக்கு அமெரிக்காவில் தூதராக இருந்த ஹாரி போலண்ட்தான் சோவியத் பிரதிநிதிக்கு 20,000 டாலர் கடன் கொடுத்தார். அடமானமாக ஜார் காலத்து நகைகள். அவை பல ஆண்டுகள் டப்ளினில் போலண்ட் வீட்டில் கிடந்தன.

கேள்வி: டி வலேரா இடதுசாரியா?

பதில்: இல்லை, ஆனால் கெட்டிக்காரர். நிலத் தவணைப் பணத்தை பிரிட்டனுக்குக் கட்டாதே என்று இயக்கம் நடத்தியவர் இடதுசாரி பேடர் ஓ’டானல். 1932இல் ஆட்சிக்கு வந்த டி வலேரா அந்தப் பணத்தை பிரிட்டனுக்கு அனுப்ப மறுத்தார், விவசாயிக்குத் தவணையைப் பாதியாக்கினார். ஓ’டானல் கையில் மிச்சம் என்ன இருந்தது?

கேள்வி: செம்படை வந்து திணித்திருந்தால்?

பதில்: போலந்து மாதிரி ஆகியிருக்கும். அங்கே 1956க்குப் பிறகு கூட்டுப்பண்ணை முயற்சியையே கைவிட்டார்கள். கடைசிவரை பெரும்பகுதி நிலம் தனியார் விவசாயிகளிடம்தான் இருந்தது.