ட்ரோனுக்கு ஜியோஃபென்ஸ், அதாவது அது தாண்டக் கூடாத கண்ணுக்குத் தெரியாத வேலி, போடுவது எப்படி? ஆப்பில் அதிகபட்ச உயரமும் தூரமும் குறித்தால் போதுமா?

போதாது. அந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஓர் உருளை வடிவ வேலியைத்தான் போடும். அதன் நடுப்புள்ளி நீங்கள் ட்ரோனைக் கிளப்பிய இடம், அதாவது ஹோம் பாயிண்ட். நாளை மைதானத்தின் எதிர் மூலையிலிருந்து கிளப்பினால் வேலியும் கூடவே நகர்ந்துவிடும். நேற்று வெளியே இருந்த சாலை இன்று உள்ளே வந்திருக்கும். வெட்டவெளியில் பழக இது சரி. பக்கத்தில் சாலை, மின்கம்பி, வீடுகள் இருந்தால் பலகோண வேலிதான் வேண்டும். அதன் மூலைகள் அட்சரேகை, தீர்க்கரேகையில் பதிவாவதால் எங்கிருந்து கிளப்பினாலும் அசையாது.

நான் பயன்படுத்துவது ட்ரோனை இயக்கும் ஆர்டுபைலட் என்ற மென்பொருள். அதற்கான மிஷன் பிளானர் என்ற கணினி மென்பொருளில், வரைபடத்தில் மூலைகளைக் குத்தி, ட்ரோனுக்கு ஏற்றிவிடலாம். உள்ளேயே இருக்க வேண்டிய பகுதி, நுழையவே கூடாத பகுதி என்று இரண்டு வகையாகவும் வரையலாம். ஒன்று கவனியுங்கள்: ஆர்டுபைலட்டில் வேலி முதலில் அணைந்த நிலையில்தான் இருக்கும். வரைந்தால் மட்டும் போதாது, அதை இயக்கியும் வைக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது, கோட்டை நிஜமான எல்லையின் மேலேயே போடுவதில்தான். ட்ரோன் கோட்டைத் தொட்ட நொடியில் நின்றுவிடாது. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். மீறலை உணர்ந்து பிரேக் பிடிக்க ஒரு வினாடி ஆனாலே 15 மீட்டர் போயிருக்கும். அதன்பின் ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைந்தாலும், முழுதாக நிற்க இன்னும் 22.5 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 37.5 மீட்டர். பின்காற்று அடித்தால் இன்னும் கூடும். ஜிபிஎஸ்ஸின் சில மீட்டர் பிழையும் உண்டு, நீங்கள் கோடு வரையும் செயற்கைக்கோள் படமே கொஞ்சம் விலகியிருக்கலாம். அதனால் கோட்டை நிஜமான எல்லையிலிருந்து இவ்வளவுக்கும் சேர்த்து உள்ளே தள்ளிப் போடுங்கள். வேகத்தை வினாடிக்கு 5 மீட்டராகக் குறைத்தால் இதே கணக்கு 7.5 மீட்டரில் முடிந்துவிடும். அதனால் இடம் சிறியது என்றால் நான் வேலியை நெருக்குவதற்கு முன் வேகத்துக்கு வரம்பு வைக்கிறேன்.

உயரத்தில் வேறு சிக்கல். பெரும்பாலான ட்ரோன்கள் காற்றழுத்தத்தை வைத்து, கிளம்பிய இடத்திலிருந்துதான் உயரத்தைக் கணக்கிடும். மேட்டிலிருந்து கிளப்பி 40 மீட்டர் தாழ்வான பள்ளத்தின் மேலே போனால், திரையில் 100 என்று காட்டும்போது கீழே இருக்கும் தரையிலிருந்து 140 மீட்டர் இருக்கும். பல நாடுகளில் சட்ட வரம்பு 120 மீட்டர். சரிவான நிலத்தில் பறப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்புறம், வேலியைத் தொட்டதும் என்ன நடக்க வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். எச்சரிப்பது, நிற்பது, இறங்குவது, வீடு திரும்புவது (அதாவது ஹோம் பாயிண்டுக்கே வருவது) என்று பல வழிகள் உண்டு. பலரும் யோசிக்காமல் வீடு திரும்புவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திரும்பும் ட்ரோன் பொதுவாக நேர்கோட்டில் வரும். உங்கள் வேலி ‘ட’ எழுத்துபோல வளைந்திருந்து, நீங்கள் ஒரு முனையிலும் ட்ரோன் மறுமுனையிலும் இருந்தால், அந்த நேர்கோடு வேலிக்கு வெளியே போகும். நடுவில் இருப்பது பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் வேலியை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகப் பறப்பேன், அல்லது மீறினால் அங்கேயே நிற்கும்படி வைப்பேன். திரும்பும் உயரம் வழியிலுள்ள மிக உயரமான மரத்தைவிட அதிகமாகவும், வேலியின் உச்சியைவிடக் குறைவாகவும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தயாரிப்பாளர் தன் வரைபடத்தில் குறித்திருக்கும் தடைப் பகுதிகளை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில், தடை செய்யப்பட்ட பகுதிகளில் ட்ரோனைத் தானாகத் தடுப்பதைக் கைவிட்டு, திரையில் எச்சரிக்கை காட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. விமான நிலையம் எங்கே இருக்கிறது என்பதை அந்த வரைபடம் சொல்லலாம். பக்கத்து மைதானத்தில் குழந்தைகள் விளையாடுவது அதற்குத் தெரியாது. அந்த வேலியை நீங்கள்தான் போட வேண்டும்.

போட்ட பிறகு ஆளில்லாத திறந்தவெளியில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். உயர வரம்பை வேண்டுமென்றே 15 மீட்டருக்குக் குறைத்து, மெதுவாக மேலே ஏற்றி, தொட்டதும் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது தானாக நகரும்போது ரிமோட்டில் பறக்கும் முறையை மாற்றும் மோடு சுவிட்சைத் தட்டிக் கட்டுப்பாட்டைக் கையில் வாங்கவும் பழகுங்கள். ஜிபிஎஸ் போய்விட்டால் கிடைமட்ட வேலி வேலை செய்யாது, அப்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

புது இடத்துக்குப் போனதும் ட்ரோன் மோட்டாரையே ஓட்ட மறுத்தால் பயப்பட வேண்டாம். பழைய இடத்தின் வேலி இன்னும் உள்ளே இருந்து, ட்ரோன் தன்னை அதற்கு வெளியே பார்ப்பது காரணமாக இருக்கலாம். அவசரத்தில் வேலியை அணைத்துவிட்டுக் கிளப்பாமல், பழையதை அழித்து, அந்த இடத்துக்கென்று புதிதாக வரைந்து ஏற்றுங்கள்.