கருத்தரங்கு முதலா, காப்புரிமை முதலா?

கேள்வி: நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர், படிக வளர்ப்பு என் துறை. மருத்துவமனையில் பயோமெடிக்கல் இன்ஜினியராக இருக்கும் என் தோழியும் நானும் சேர்ந்து, கேத் லேபில் (எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே இதயக் குழாய்களுக்குச் சிகிச்சை செய்யும் அறை) வேலை செய்பவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறிய எக்ஸ்ரே எச்சரிக்கைக் கருவி ஒன்றைச் செய்திருக்கிறோம். உள்ளே இருக்கும், எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் சீசியம் அயோடைடு படிகம் எங்கள் உலையில் வளர்த்தது. விரிசல் விடாமல் அதைக் குளிரவைக்க ஒரு முறை கண்டுபிடித்தோம். பேட்டரி மாற்றும்போதும் அளவீடு நிற்காதபடி ஒரு மின்சுற்றும் அமைத்திருக்கிறோம். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் போஸ்டர் வைக்கிறோம். "முதலில் பேப்பர் போடுங்கள், பேடன்ட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் துறைத் தலைவர். இது சரியா? ஒரே விண்ணப்பமா, மூன்றா? யார் பெயரில் போடுவது? எவ்வளவு செலவாகும்?

பதில்: சரியில்லை. போஸ்டர் சுவரில் ஏறும் நாளுக்கு முன்பே உங்கள் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

உங்கள் துறைத் தலைவர் ஒன்றும் புரியாமல் சொல்லியிருக்க மாட்டார். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை ஒன்று இருக்கிறது. அதை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது எல்லாக் கருத்தரங்குக்கும் பொருந்தாது. மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் சங்கம் ஒன்றின் முன் வாசித்த கட்டுரை என்று சில வகைகளுக்கு மட்டும்தான். ஒரு கல்லூரி நடத்தும் கருத்தரங்கு அதில் அடங்குமா என்று பிற்பாடு வாதாடிக்கொண்டிருக்கும் நிலைக்கு நீங்கள் போகவே கூடாது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டு பொறுத்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை இல்லை. போஸ்டர் வைத்த மறுநாளே அங்கே கதவு மூடிவிடும்.

இன்றைக்கே ஒன்றைப் பாருங்கள். கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தில் என்ன எழுதினீர்கள்? அதை அவர்கள் இணையதளத்தில் ஏற்றிவிட்டார்களா? "மருத்துவமனை ஊழியர்களுக்கான எச்சரிக்கைக் கருவி" என்ற அளவில் நின்றிருந்தால் பெரிய சேதம் இல்லை. குளிரவைக்கும் வேகத்தையும் வெப்பநிலைச் சரிவையும் எண்களோடு எழுதியிருந்து, அது ஏற்றப்படாமலும் இருந்தால், அந்த வரிகளை எடுத்துவிட்டுத் திருத்திய சுருக்கம் அனுப்புங்கள். ஏறிவிட்டது என்றால் தேதி தெரியும்படி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு உடனே காப்புரிமை முகவரைப் பாருங்கள். உங்களிடம் ஆய்வு மாணவர் யாராவது இதே வேலையைச் செய்கிறார் என்றால் அவருடைய ஆய்வேட்டையும் கவனியுங்கள். நூலக அலமாரிக்கோ, ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் சோத்கங்கா தளத்துக்கோ போய்விட்ட ஆய்வேடும் வெளியீடுதான்.

ஒரு மாதம் போதும். இப்போது நீங்கள் போட வேண்டியது தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விவரித்து முதலில் போடும் ஆவணம். முழு விவரக்குறிப்பை அதன் பிறகு 12 மாதங்களுக்குள் கொடுத்தால் போதும். அந்த 12 மாதத்தைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிகத்தில் உரிமைக்கோரல்கள் (எது உங்களுக்கு மட்டும் உரியது என்று வரையறுக்கும் வரிகள்) தேவையில்லை. அதற்காக அரைப்பக்கம் எழுதி அனுப்பிவிடாதீர்கள், நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முன்தேதி (உங்கள் கண்டுபிடிப்பு முதலில் பதிவானதாகக் கொள்ளப்படும் நாள்) என்பது அதில் எழுதியிருப்பதற்கு மட்டும்தான் கிடைக்கும். எனவே உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் இருப்பதையெல்லாம் அதில் கொட்டுங்கள். சீசியம் அயோடைடு 621 டிகிரி செல்சியஸில் உருகும். அங்கிருந்து அறை வெப்பநிலைக்கு எந்தக் கட்டத்தில் எந்த வேகத்தில் இறக்கினீர்கள், குப்பியை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் கீழே நகர்த்தினீர்கள், தாலியம் எவ்வளவு சேர்த்தீர்கள், எல்லாம் வர வேண்டும். ஒரே ஒரு எண்ணை எழுதாமல், வேலை செய்த வரம்பை எழுதுங்கள். பழைய முறையில் வளர்த்தபோது எத்தனை படிகம் விரிசல் விட்டது, புதிய முறையில் எத்தனை என்ற ஒப்பீடும் இருக்கட்டும்.

அடுத்து, ஒன்றா மூன்றா என்ற கேள்வி. ஒரு விண்ணப்பத்தில் ஒரே கண்டுபிடிப்போ, ஒரே கருத்தால் பிணைந்த கண்டுபிடிப்புகளின் தொகுதியோதான் இருக்கலாம். உலையில் படிகம் குளிர்வதற்கும் பேட்டரி மாற்றும்போது சுற்று உயிரோடு இருப்பதற்கும் அப்படிப்பட்ட பிணைப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தற்காலிகத்தில் மூன்றையும் சேர்த்தே எழுதிப் போடலாம், பிறகு பிரித்துக்கொள்ளலாம். ஆனால் எது உண்மையில் புதியது என்ற முடிவை இப்போதே எடுத்துவிடுங்கள். செலவு, உழைப்பு எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

கருவியிலிருந்து தொடங்குகிறேன். மருத்துவமனைகளில் கதிர்வீச்சோடு வேலை செய்பவர்கள் மாட்டியிருக்கும், வாங்கிய அளவைப் பதிவுசெய்யும் டிஎல்டி பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் படிக்கப்பட்டு வருகிறது. வாங்கிய கதிர்வீச்சு பிறகுதான் தெரியும். உங்கள் கருவி அந்த நொடியிலேயே சொல்கிறது. இது மிகவும் தேவையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் உடனுக்குடன் காட்டும் அணிகருவிகள் ஏற்கனவே சந்தையில் இருக்கின்றன. "சட்டையில் மாட்டும் எக்ஸ்ரே எச்சரிக்கைக் கருவி" என்று கோரினால் முதல் பரிசோதனை அறிக்கையிலேயே அடிபடும். இன்னொன்று: மனிதருக்கு நோய் கண்டறியும் அல்லது சிகிச்சை செய்யும் முறைக்குப் பிரிவு 3(ஐ) காப்புரிமையைத் தடுக்கிறது. கருவிக்கு அந்தத் தடை இல்லை. அதனால் எழுதும்போது "கண்காணிக்கும் முறை" என்று இழுக்காமல், கருவியின் உறுப்புகளைச் சொல்லியே எழுதுங்கள்.

பேட்டரிச் சுற்று இரண்டாவது. தெரிந்த பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே செய்தால் அது பிரிவு 3(எஃப்) படி கண்டுபிடிப்பே அல்ல. ஒரு மின்தேக்கி சில நொடி மின்சாரம் கொடுக்கிறது என்பது மட்டும்தான் உங்கள் சுற்று என்றால் விட்டுவிடுங்கள். மிகச்சிறிய மின்னோட்ட அளவீட்டில், பேட்டரி மாறும்போது வரும் குதிப்பை அடக்க ஏதாவது புதிய வழி கண்டிருந்தால் மட்டும் அதைத் தனியாகப் பாருங்கள். கடையில் வாங்கிய லித்தியம் செல்லுக்குள் இருக்கும் காப்புரிமைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், முறையாக விற்ற செல்லைப் பயன்படுத்தலாம்.

மருத்துவக் கருவியில் பேட்டரி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதயமுடுக்கியின் வரலாறு போதும். வில்சன் கிரேட்பேட்ச் உருவாக்கிய உடலுக்குள் பொருத்தும் இதயமுடுக்கி 1960-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டது. 1962-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. சுற்று நன்றாக இருந்தது, ஆனால் பாதரச-துத்தநாக பேட்டரி சுமார் இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும், நோயாளியை மறுபடி அறுவை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். தீர்வாக வந்த லித்தியம்-அயோடின் பேட்டரி அவர் கண்டுபிடித்தது அல்ல. கேட்டலிஸ்ட் ரிசர்ச் என்ற வேறொரு நிறுவனத்தில் பிறந்தது. லித்தியமும் அயோடினும் தொடும் இடத்தில் லித்தியம் அயோடைடு படலம் தானாகவே உருவாகி, பிரிப்பானாகவும் மின்பகுபொருளாகவும் நிற்கும். கிரேட்பேட்ச் உரிமம் வாங்கி அதை இதயமுடுக்கிக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார், 1972-லிருந்து அது நோயாளிகளுக்குப் போனது. அடுத்தவர் காப்புரிமையை உரிமம் வாங்கிப் பயன்படுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. உங்களுடையது எது என்று தெளிவாக இருந்தால் போதும்.

உங்கள் விஷயத்தில் அது படிகம் வளர்க்கும் முறைதான் என்று நினைக்கிறேன். உருகிய பொருளைக் குப்பியோடு வெப்பச் சரிவில் மெல்ல இறக்கி ஒற்றைப் படிகம் வளர்ப்பதை பிரிட்ஜ்மன் 1925-லேயே விவரித்துவிட்டார். தெரிந்த முறையை அப்படியே பயன்படுத்துவதற்குப் பிரிவு 3(டி) இடம் தராது. முறையை நீங்கள் எங்கே மாற்றினீர்கள், அதனால் எது நிகழ்ந்தது என்பதில்தான் உங்கள் உரிமை இருக்கிறது. இதே பிரிவில்தான் 2013-ல் நோவார்டிஸ் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. இமாட்டினிப் மெசிலேட் என்ற புற்றுநோய் மருந்தின் பீட்டா படிக வடிவம் நன்றாகப் பாய்கிறது, ஈரம் குறைவாக இழுக்கிறது என்றெல்லாம் நிறுவனம் காட்டியது. மருந்தாக அதன் பலன் கூடியதா என்றே நீதிமன்றம் கேட்டது. உங்கள் படிகம் மருந்து இல்லைதான், ஆனாலும் பரிசோதகர் கேட்கப்போகும் கேள்வி அதே ரகம். விரிசல் குறைந்ததால் ஒளி வெளியீடு கூடியதா, குறைந்த கதிர்வீச்சையும் பிடிக்கிறதா என்பதற்கு அளவீடு வைத்திருங்கள்.

இதே மாதிரி காப்புரிமை ஏற்கனவே இருக்கிறதா என்ற தேடலை எஸ்பாஸ்நெட் (ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தளம்), கூகுள் பேடன்ட்ஸ், இந்திய அலுவலகத்தின் தேடல் தளம் மூன்றிலும் நீங்களே செய்யலாம். சொல்லை மட்டும் வைத்துத் தேடாமல், ஒற்றைப் படிக வளர்ப்புக்கான வகைக் குறியீடு சி30பி, பேட்டரிக்கு ஹெச்01எம் என்று குறியீட்டோடு தேடினால் உண்மையான போட்டி எது என்று தெரியும்.

உலை முறைக்கு ஒரு சங்கடம் உண்டு. அடுத்தவர் தன் உலைக்குள் உங்கள் முறையைப் பயன்படுத்தினாரா என்பது வெளியே தெரியாது. அதனால் முறையோடு நிறுத்தாமல், அந்த முறையில் வந்த படிகத்துக்கு வேறெதிலும் இல்லாத, அளந்து காட்டக்கூடிய ஒரு பண்பு இருந்தால் அந்தப் படிகத்தையும், அதை வைத்த உணர்வியையும் சேர்த்துக் கோருங்கள். உரிமைக்கோரல் நிலப் பத்திரத்தின் நான்கெல்லை மாதிரி. அதற்கு வெளியே கிடப்பது எவ்வளவு அருமையானதானாலும் உங்களுடையது ஆகாது. தற்காலிகத்தை நீங்களே எழுதினாலும், முழு விவரக்குறிப்பின் உரிமைக்கோரல்களைப் பதிவுபெற்ற முகவரிடம் கொடுங்கள். பணத்தை அங்கே செலவழிப்பதுதான் நியாயம்.

யார் பெயரில்? படிக வளர்ப்பிலேயே இதற்கு ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. ஷூஜி நாகமுரா ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் வேலை செய்தபோது, கேலியம் நைட்ரைடு படலத்தை இரண்டு வாயு ஓட்டங்களைக் கொண்டு வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். நீல எல்இடிக்கு வழி திறந்த முறைகளில் ஒன்று அது. நிறுவனம் அவருக்குக் கொடுத்தது 20,000 யென். அவர் வழக்குத் தொடர்ந்தார். 2004-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் 2005-ல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. ஊழியரின் கண்டுபிடிப்புக்கு நியாயமான ஈடு தர வேண்டும் என்று ஜப்பான் சட்டத்தில் பிரிவு இருந்ததால்தான் அவருக்கு அது முடிந்தது. நம் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. உங்கள் நியமன ஆணையும் கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையும், தோழியின் மருத்துவமனை ஒப்பந்தமும் என்ன சொல்கின்றனவோ அதுதான். உலை கல்லூரியுடையது, வேலை நேரமும் கல்லூரியுடையது என்றால், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கல்லூரி விண்ணப்பதாரர் ஆனாலும் கண்டுபிடித்தவர்களாக உங்கள் இருவர் பெயரும் வர வேண்டும். கண்டுபிடிப்பில் பங்கில்லாத துறைத் தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்க்க வேண்டாம், அது கட்டுரையில் நன்றி சொல்லும் இடம் அல்ல.

நீங்கள் இருவரும் கூட்டு உரிமையாளர் என்றால் பிரிவு 50 படி ஆளுக்குச் சமபங்கு. ஒவ்வொருவரும் தனியாகப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் உரிமம் கொடுக்கவோ விற்கவோ முடியாது. நட்பு நன்றாக இருக்கும்போதே ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்.

செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. தனிநபர்களும் கல்வி நிறுவனங்களும் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். 30 பக்கம், 10 உரிமைக்கோரல் தாண்டினால் கொஞ்சம் கூடும். விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக இருந்து ஒருவராவது பெண் என்றால் 8,000 ரூபாயில் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். கல்லூரி சம்மதித்து நீங்கள் இருவரே விண்ணப்பித்தால் இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. சாதாரணப் பரிசோதனைக் கோரிக்கையை முன்தேதியிலிருந்து 31 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். கிடைத்த பிறகு மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் கட்டிவந்தால், விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு நிற்கும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

வெளிநாட்டில் வேண்டுமென்றால் முதல் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் பிசிடி (பன்னாட்டுக் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) வழியில் போக வேண்டும். இந்தியாவில் போட்டு ஆறு வாரம் ஆவதற்கு முன்பே வெளியே போடுவதென்றால் பிரிவு 39 படி அனுமதி வாங்குவது கட்டாயம். உலகம் முழுவதும் செல்லும் காப்புரிமை என்று ஒன்று இல்லை, நாடு நாடாகப் பணம் கட்ட வேண்டும். வாங்க ஒரு நிறுவனம் முன்வராத வரை சொந்தப் பணத்தில் அதற்குள் இறங்காதீர்கள். காப்புரிமை விற்பனை அனுமதியும் அல்ல. மருத்துவக் கருவியாக விற்க 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் தனியாக வேண்டும்.

போஸ்டரை ரத்து செய்ய வேண்டியதில்லை. விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகும், முழு விவரக்குறிப்பு போகும் வரை, எழுதிப் போட்டதை மட்டும் போஸ்டரில் காட்டுங்கள். அதற்குப் பிறகு உலையில் செய்த புதிய மாற்றங்களை யாராவது கேட்டால், அடுத்த கட்டுரையில் வரும் என்று சொல்லிவிடுங்கள்.