ஆற்றில் நீச்சல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாமல் போவது பெருங்குறை என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நான் மன்னார்குடிக்காரி. பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் என் பத்து வயது மகனைக் கரைப்பக்கமே விடுவதில்லை. நாம் குளித்த ஆறா இப்போது இருக்கிறது? என் பயம் தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் தவறில்லை. கட்டுரையிலேயே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் வளர்ந்தது நீடாமங்கலத்தில், வெண்ணாற்றை மதகுகள் மூன்றாகப் பிரித்துவிடுகிற மூணாறு தலைப்புக்கு அருகில். அந்நாளில் ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் அணையை மூடினால், ஜூன் 12 அன்று திறக்கும் வரை ஆறு எங்களுக்கு மணல்வெளிதான். மாலை முழுவதும் அங்கே ஓடி விளையாடி, ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்து, எங்கே மேடு, எங்கே மடு என்று கால்களாலேயே அறிந்து வைத்திருந்தோம். பிறகு ஒருநாள் நுரையும் சருகும் முன்னே வர, புதுத்தண்ணீர் அந்த மணலை நனைத்துக்கொண்டு வந்து சேரும். சில நாட்கள் கழித்து அப்பா என் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டபோது, கண்ணுக்குத் தெரியாத தரை எனக்குப் பழகிய தரையாகவே இருந்தது. தலைப்புக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. ஷட்டரிலிருந்து விழும் தண்ணீர் அங்கே ஆழமாகப் பறித்திருக்கும் என்று நீச்சலுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இன்று மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை. கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடப்பதால், கோடையில் ஆற்றுக்குள் இறங்கி நடப்பவரும் அரிது. ஆறு ஆபத்தானதாகிவிட்டது என்பதைவிட, ஆற்றை நாம் அறியாதவர்களாகிவிட்டோம் என்பதே என்னை வருத்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குக் குடுக்கை கட்டிய அதே வீட்டில் அக்காவுக்கு யாரும் கட்டவில்லை. ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, படித்துறையோடு நின்றுவிட்டாள். ஆற்றை வணங்கக் கற்றுக்கொடுத்து நீந்தக் கற்றுக்கொடுக்காமல் விட்டது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அறுபதைக் கடந்த பின்பும் அவள் படித்துறையில் யாருடைய கையையாவது பற்றிக்கொண்டுதான் இறங்குகிறாள்.

மகனை எடுத்த எடுப்பில் ஆற்றில் விட வேண்டாம். ஆழம் தெரிந்த, படிக்கட்டு உள்ள குளத்தில், நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் இறங்கிக் கற்றுக்கொடுக்கட்டும். சித்திரை, வைகாசியில் அவனை வறண்ட பாமணியாற்றுக்குள் நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். குழிகளை அவன் கண்ணால் பார்க்கட்டும். உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால், அவனோடு நீங்களும் குளத்தில் இறங்குங்கள்.

அன்புடன்