‘ஃப்ராட்ரிசைட்’ என்பது எந்தக் கொலை?

கேள்வி: ‘ஃப்ராட்ரிசைட்’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘உறவினர் கொலை’ என்று மொழிபெயர்த்தேன். நண்பர் தவறு என்கிறார். கொல்லப்பட்டவர் உறவினர் என்று புரிந்தால் போதாதா? இலத்தீன் வேர்வரை போவது வீண் பகட்டு அல்லவா?

பதில்: போதாது. தங்கள் நண்பர் சொல்வதே சரி. உறவினர் என்றால் மாமனாரும் உண்டு, மைத்துனரும் உண்டு. அந்தச் சொல் அவர்களைக் குறிப்பதில்லை. அதன் முற்பகுதி ‘ஃப்ராட்டெர்’, அதாவது உடன்பிறந்தான். வடமொழியின் ‘ப்ராதா’வும் ஆங்கிலத்தின் ‘பிரதர்’ என்பதும் இதற்கு இனமான சொற்கள். பெரியப்பா மகனையும் நாம் அண்ணன் என்பதுபோல, தந்தையின் உடன்பிறந்தான் மகனை உரோமர்கள் ‘ஃப்ராட்டெர் பட்ருவேலிஸ்’ என்றார்கள். ஆனால் தனியே ‘ஃப்ராட்டெர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் கூடப்பிறந்தவன்தான்.

பிற்பகுதிக்கு வேர் ‘கைடெரெ’ என்னும் வினை. வெட்டுதல், அடித்து வீழ்த்துதல், கொல்லுதல் என்பன அதன் பொருள்கள். முன்னால் வேறு சொல் சேரும்போது உயிரொலி திரிந்து ‘கீடெரெ’ ஆகிவிடும். ‘சூயிசைட்’, ‘ஹோமிசைட்’ ஆகியவற்றின் வால் இதுவே. முடிவெடுப்பதைக் குறிக்கும் ‘டிசைட்’ என்பதும் இதே வினையிலிருந்து பிறந்தது. ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்று பேசுகிற நமக்கு, வெட்டுக்கும் முடிவுக்கும் உள்ள இந்த நெருக்கத்தை விளக்கத் தேவையில்லை. ‘ஆக்சிடென்ட்’ என்பதையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அது ‘விழுதல்’ என்னும் பொருளுடைய ‘கடெரெ’யிலிருந்து வந்தது.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. கொன்றவனை ‘ஃப்ராட்ரிகீடா’ என்றும் கொலையை ‘ஃப்ராட்ரிகீடியம்’ என்றும் இலத்தீன் பிரித்துச் சொன்னது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வடிவமாகிவிட்டன. ஆகவே வாக்கியத்தைப் பார்த்துத்தான் கொலை என்றோ கொலையாளி என்றோ எழுத முடியும். கொல்லப்பட்டவர் அக்காள் அல்லது தங்கையானால் ‘சோரோரிசைட்’ என்ற தனிச்சொல் உண்டு. அது அரிதாகவே வழங்குவதால், ஆங்கில அகராதிகள் ‘ஃப்ராட்ரிசைட்’ என்பதையே இருபாலுக்கும் விரித்துப் பொருள் தருகின்றன. ‘உடன்பிறந்தாரைக் கொல்லுதல்’ என்று எழுதினால் தமிழில் இருபாலும் தானாகவே அடங்கிவிடும்.

தாங்கள் எழுதிய ‘உறவினர் கொலை’ ஏறக்குறையப் பொருந்தும் இலத்தீன் சொல் ஒன்று உண்டு: ‘பார்ரிகீடியம்’. தந்தையைக் கொல்வதைக் குறிப்பதாகவே பலரும் அதை அறிவார்கள். ஆனால் கி.மு. முதல் நூற்றாண்டில் பொம்பேயுஸ் என்னும் உரோமத் தளபதியின் பெயரால் வந்த சட்டம், தாய், தந்தை, பாட்டன், பாட்டி, உடன்பிறந்தார் தொடங்கி மாமியார், மருமகன் வரை அந்தக் குற்றத்துக்குள் கொண்டுவந்தது. சட்டம் ஒன்றாகக் கட்டியதை மொழி பிரித்தே வைத்திருந்தது. அந்தப் பிரிவைத்தான் தங்கள் மொழிபெயர்ப்பு அழிக்கிறது.

உரோமர்களுக்கு இது ஏட்டுச் சொல்லாக இருக்கவில்லை. நகரை நிறுவிய ரோமுலுஸ் தன் இரட்டைச் சகோதரன் இரெமுஸைக் கொன்றான் என்பது அவர்கள் தொன்மக் கதை; தம் நகரம் இரெமுஸின் இரத்தத்தில் எழுந்தது என்று நம்பியவர்கள் அவர்கள். அண்ணன் தம்பியாக வாழ வேண்டியவர்கள் உள்நாட்டுப் போரில் மடிந்தபோது, ரோமுலுஸ் செய்த கொலையின் சாபம் தொடர்கிறது என்று உரோமக் கவிஞர் ஹொரேஸ் பாடினார். கி.பி. 211 டிசம்பரில் பேரரசன் கரகல்லா தன் தம்பி கெட்டாவைத் தாய் ஜூலியா டோம்னாவின் கண்ணெதிரே கொல்லச் செய்தான். பிறகு கல்வெட்டுகளிலிருந்து தம்பியின் பெயரையும் வெட்டி எடுக்கச் செய்தான். உரோம் நகரின் பழைய பொதுவெளியான ‘ஃபோரம்’ என்ற இடத்தில், அவர்கள் தந்தை செவெருஸின் பெயரால் நிற்கும் வெற்றி வளைவில் கெட்டாவின் பெயர் இருந்த வரியை அழித்து, வேறு புகழ்மொழி பொறித்த தடம் இன்றும் தெரிகிறது. ‘கைடெரெ’ என்ற வினையின் இரு பொருளும் அந்தத் தம்பி ஒருவன்மேலேயே விழுந்தன. இதை ‘உறவினர் கொலை’ என்று எழுத எனக்கு மனம் வராது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அமெரிக்கப் படைத்துறை அறிக்கைகளில் ‘ஃப்ராட்ரிசைட்’ என்று வந்தால், அங்கே அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. சொந்தப் படையினர்மேலேயே தவறுதலாகக் குண்டு பாய்ந்ததை அது குறிக்கும். அந்த இடத்தில் ‘உடன்பிறந்தார் கொலை’ என்பதும் பிழையே. ‘தன் படையினரையே தவறுதலாகச் சுட்டுக் கொன்றது’ என்று விரித்தே எழுதுங்கள்.