ஆளை இறக்குவது ஒன்று, வண்டியை நிறுத்துவது வேறு

மருத்துவமனை பார்க்கிங் பற்றித்தான் கேட்கிறோம் என்று நினைத்து வாசகர்கள் எழுதுகிறார்கள். கடிதத்தைப் படித்தால் கேள்வி வேறாக இருக்கிறது: வண்டியை விடப் போகும் நேரத்தில் நோயாளி யாரோடு இருப்பார்? அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பல வருடம் செவிலியராக நின்றவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அரசு மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து பத்தே நிமிடம். நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் காரிலேயே கொண்டுபோய்விடலாம் அல்லவா?

அந்தப் பத்து நிமிடம் கேட் வரைக்கும்தான். அப்புறம் ஆளை இறக்க வேண்டும், வீல்சேர் தேட வேண்டும், பதிவு செய்ய வேண்டும், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் என்றால் சிகிச்சை உங்கள் வீட்டிலேயே தொடங்குகிறது. வசதியுள்ள வண்டிகளில் ஈ.சி.ஜி.யை அங்கேயே எடுத்து, இன்ன நோயாளி வருகிறார் என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. வழியில் இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்துவதும் மின்னதிர்ச்சி கொடுப்பதும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. காரில் ஓட்டுகிறவர் என்ன செய்ய முடியும்? ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அழ வேண்டியதுதான்.

பக்கவாதம் என்றால் எந்த மருத்துவமனை என்பதும் முக்கியம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் பார்த்தாக வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்துக்கு ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்து பயனில்லை. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். நீங்கள் கையோடு கொண்டுபோக வேண்டியது ஒரு தகவல்: அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்.

ஆம்புலன்ஸ் சீக்கிரம் வராத இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. அப்போதும் முதலில் அழைத்து, எவ்வளவு நேரமாகும், காரில் கிளம்பலாமா என்று கேளுங்கள். கிளம்பினால் ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவர் நோயாளியோடு இருக்கட்டும். வலி வந்தவர் தானே ஓட்டி வருவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருவர் அப்படி வந்தார். பார்க்கிங்கில் கோடு தவறாமல் வண்டியை நிறுத்தி, சீட்டு வாங்கி, அத்தனை தூரம் நடந்து வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. கையில் அந்தச் சீட்டு மடங்காமல் இருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அதை வைத்து நீங்களும் முயற்சி செய்யாதீர்கள்.

கேள்வி: நடக்க முடியாத அம்மாவை நான் ஒருத்தியாகத்தான் அழைத்துப் போகிறேன். அவரை வாசலில் விட்டுவிட்டு பார்க்கிங் போக பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஒருமுறை ஒரு மகன் அம்மாவை வாசல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மாடி பார்க்கிங்குக்குப் போனார். இறங்கியது வேறு லிஃப்டில். அது கொண்டுபோய் விட்டது வேறு கட்டடத்தில். அம்மாவின் போனும் ஃபைலும் காரின் பின்சீட்டில். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் தேடினார்கள்.

அதனால் இறக்கும்போதே போன், ஃபைல், தண்ணீர் மூன்றும் அம்மாவின் மடியில் இருக்கட்டும். வாசல் காவலரிடமோ உதவி மேசையிலோ "வண்டியை விட்டுவிட்டு வருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். வாசலின் பெயரையும், நிறுத்திய தளத்தின் எண்ணையும் போனில் படம் எடுங்கள்.

வீல்சேரில் ஏற்றும்போது ஒரு கவனம்: முதலில் இரண்டு பிரேக்கையும் போட்டு, கால்தட்டுகளை மேலே மடக்குங்கள். உட்கார்ந்த பிறகுதான் கால்தட்டை இறக்க வேண்டும். அதன்மேல் ஏறி நின்று முன்பக்கம் கவிழ்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: டோக்கன் கூப்பிடும் வரை அப்பா காரிலேயே ஏ.சி. போட்டு உட்காரட்டுமா?

கூட யாராவது இருந்து, வண்டி திறந்தவெளியில் நின்றால் சரி. தரைக்கீழ் பார்க்கிங்கில் பெட்ரோல், டீசல் எஞ்சினை ஓடவிடக் கூடாது, கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே வராது. ஏ.சி.யை நிறுத்திவிட்டு வெயிலில் உட்கார வைப்பதும் ஆபத்து. மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. குழந்தைகளுக்கும் இதே கதைதான், அவர்களுக்கு இன்னும் வேகமாக.

கேள்வி: ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் இரண்டே நிமிடம் நிறுத்தியதற்குக் காவலர் கத்திவிட்டார். இடம் காலியாகத்தானே இருந்தது?

காவலர் பக்கம்தான் நான். ஸ்ட்ரெச்சர் பின்கதவு வழியாக வருகிறது. அதை இழுத்து வெளியே எடுக்க வண்டியின் நீளத்துக்குப் பின்னாலும் இரண்டு மூன்று மீட்டர் வேண்டும். உங்களுக்குக் காலி இடமாகத் தெரிந்தது அதுதான்.

மாற்றுத்திறனாளிகள் பார்க்கிங்கின் பக்கத்தில் சாய்கோடு போட்ட பகுதியும் அப்படித்தான். அது கதவை முழுசாகத் திறந்து வீல்சேரைப் பக்கத்தில் கொண்டுவருவதற்கு. பைக் நிறுத்த அல்ல.

கேள்வி: வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பார்க்கிங் கட்டணமே பெரிய செலவாகிவிட்டது.

சலுகை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் நீண்டகால நோயாளிகளுக்கு மாதப் பாஸோ விலக்கோ இருக்கும், ஆனால் கட்டணப் பலகையில் எழுத மாட்டார்கள். பூத்தில் இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. டயாலிசிஸ் பிரிவிலோ, மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2008-லேயே பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் பார்க்கிங் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அப்புறம், டயாலிசிஸ் முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். திரும்பும்போது நீங்களே ஓட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள்.

கேள்வி: எண்டோஸ்கோபி முடிந்ததும் தெளிவாகத்தான் இருக்கிறேன். வீட்டுக்கு நானே ஓட்டிப் போகலாமா?

மயக்க மருந்து கொடுத்திருந்தால் பொதுவாக 24 மணி நேரம் கூடாது. தெளிவாக இருப்பதாகத் தோன்றும், அதுதான் சிக்கல். வீட்டுக்குப் போகும் வழியில் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று நான்கு முறை கேட்பார்கள், மறுநாள் கேட்டதே நினைவிருக்காது. கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டாலும் சில மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். போகும்போதே திரும்பி வர ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: டிஸ்சார்ஜ் அன்று காரை எப்போது வாசலுக்குக் கொண்டுவருவது?

"டிஸ்சார்ஜ்" என்று டாக்டர் சொன்னதும் அல்ல. கோப்பும் மருந்தும் கைக்கு வந்த பிறகு. நடுவில் சில மணி நேரம் ஓடிவிடும். வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்றால் வீட்டிலிருந்து ஒரு சின்னத் தலையணை எடுத்து வாருங்கள். தையலுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவே வைத்தால் வேகத்தடைகளில் வலி குறையும். பெல்ட்டைக் கழற்றி வைக்க மட்டும் வேண்டாம்.