கண்ணைத் தேடி வரும் காசு: வாசகர் கேள்வி-பதில்

தனியார் கண் மருத்துவமனைகளில் குவியும் முதலீட்டைப் பற்றி இந்த மாதம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரே தெருவில் மூன்று கண் ஆஸ்பத்திரிக் கிளைகள் வந்துவிட்டன. பெரிய முதலீட்டு நிறுவனங்கள் மற்ற ஆஸ்பத்திரிகளை விட்டுக் கண்ணைத் தேடி வருவது ஏன்?
வாசகர், தஞ்சாவூர்

படுக்கை வேண்டாம். அதுதான் முதல் காரணம். பேக்கோ முறையில் கண்புரை எடுக்கும்போது சொட்டு மருந்தில் கண்ணை மரக்க வைத்து, கருவிழி ஓரத்தில் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வரை கீறி, புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த லென்ஸை உள்ளே விரித்துவிடுகிறார்கள். சிக்கலில்லாத கண் என்றால் மேசையில் பத்துப் பதினைந்து நிமிடம். காலையில் வந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். ஐசியு இல்லை, இரவு ஷிஃப்ட் நர்ஸ் இல்லை, கேன்டீன் இல்லை. வாடகைக் கட்டடத்தில் இரண்டு தளம் இருந்தால் கிளை தயார். எல்லா நோய்க்கும் பார்க்கும் மருத்துவமனை ஒன்று கட்டுவதற்கு ஆகும் முதலீட்டில் இப்படிப் பல கிளைகள் திறக்கலாம்.

இரண்டாவது, காசு உடனே கைக்கு வருகிறது. ஓபி கட்டணம், கண்ணாடி, சொட்டு மருந்து எல்லாம் அன்றைக்கே கவுன்டரில் வசூலாகிறது. மூன்றாவது, நோயாளிக்குப் பஞ்சமில்லை. வயதானால் புரை, சர்க்கரை இருந்தால் விழித்திரைச் சோதனை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை.

2022-இல் டிபிஜி, டெமாசெக் என்ற முதலீட்டு நிறுவனங்கள் சென்னை டாக்டர் அகர்வால்ஸில் பணம் போட்டன. அதே ஆண்டு ஜெனரல் அட்லாண்டிக்கும் கேதாராவும் ராஜஸ்தானில் பிறந்த ஏஎஸ்ஜி கண் மருத்துவமனைக் குழுமத்தில் போட்டன. 2023-இல் குவாட்ரியா, ஹைதராபாத் மேக்ஸிவிஷனில் இறங்கியது.

ஒன்றை மறக்க வேண்டாம். இவர்கள் இன்று விலை கொடுத்து வாங்கும் அந்த வேகம் மதுரையில் பிறந்தது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்தில், ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. இந்த மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். சர்ஜன் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பினால் போதும். 1992-இல் அவர்களுடைய ஆரோலேப் இங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகு லென்ஸ் விலையும் இறங்கியது. இத்தனைக்கும் அரவிந்த் ஓர் அறக்கட்டளை. விற்பதற்குப் பங்கே கிடையாது.

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாகச் சொந்தக் கட்டடத்தில் கண் மருத்துவமனை நடத்துகிறேன். ஒரு பெரிய குழுமம் வாங்கக் கேட்கிறது. ஆண்டு லாபம் 90 லட்சம். அவர்கள் சொல்லும் விலை நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. ஏமாற்றுகிறார்களா?
டாக்டர், கொங்கு மண்டலம்

ஏமாற்று என்று சொல்ல முடியாது. உங்கள் 90 லட்சமும் அவர்கள் பார்க்கும் லாபமும் வேறு வேறு. நீங்கள் அறுவை செய்வதற்குச் சம்பளம் எடுப்பதில்லை. கட்டடம் சொந்தம் என்பதால் வாடகை இல்லை. வீட்டில் ஒருவர் சம்பளமில்லாமல் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்வார். வாங்குகிறவர் இந்த மூன்றையும் கழிப்பார். உங்கள் இடத்தில் ஒரு சர்ஜனை வைத்தால் ஆண்டுக்கு 36 லட்சம், கட்டட வாடகை 12 லட்சம், மேனேஜர் 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 36 லட்சம். ஆண்டு லாபத்தின் இத்தனை மடங்கு என்றுதான் விலை வைப்பார்கள். எட்டு மடங்கு என்று வைத்தால் 2.88 கோடி. நீங்கள் 90 லட்சத்தை எட்டால் பெருக்கி 7.2 கோடி என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். பேரம் பேச வேண்டிய இடம் அந்த எட்டு அல்ல, மிச்சமாக வரும் அந்த 36 லட்சம். சர்ஜன் சம்பளத்தை அவர்கள் கூட்டிப் போட்டிருந்தால் ஒவ்வொரு லட்சத்துக்கும் விலையில் எட்டு லட்சம் போகும். ஆனால் அந்தச் சம்பளம் இனி உங்களுக்கே வரப்போகிறது என்றால் கணக்கு மாறும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து அவர்களுடைய ஆடிட்டர் வருவார். தியேட்டர் ரிஜிஸ்டரில் உள்ள அறுவை எண்ணிக்கை, லென்ஸ் கொள்முதல் பில், கேஸ் ஷீட்டில் ஒட்டிய லென்ஸ் ஸ்டிக்கர், வங்கிக் கணக்கு நான்கையும் ஒத்துப் பார்ப்பார். 1,000 அறுவைக்கு 1,000 லென்ஸ் வாங்கியிருந்து 700-க்குத்தான் பில் என்றால் அங்கேயே பேச்சு நின்றுவிடும். கணக்கில் காட்டாத வருவாய்க்கு யாரும் விலை தரமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் இருக்கும் இன்சூரன்ஸ் பில்களையும் கழித்துவிடுவார்கள்.

விலையில் ஒரு பகுதி முன்பணம், மீதி மூன்று ஆண்டு இலக்கை எட்டினால் என்று ஒப்பந்தம் வரும். சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். இலக்கு லாபத்தில் வைக்கப்பட்டு, தலைமை அலுவலகம் விளம்பரச் செலவு, சாஃப்ட்வேர் செலவு என்று உங்கள் கிளைத் தலையில் ஏற்றினால் இலக்கு எட்டாது. 'தலைமை அலுவலகச் செலவைக் கழிக்கும் முன்' என்ற ஐந்து சொற்களை எழுதி வாங்குங்கள். முடிந்தால் இலக்கையே வருவாயில் வையுங்கள்.

'அருகில் தொழில் செய்யமாட்டேன்' என்ற உறுதியையும் கேட்பார்கள். வேலையை விட்டுப் போகும் மருத்துவரை அப்படிக் கட்டிப்போட இந்திய ஒப்பந்தச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் தொழிலின் நற்பெயரை விற்றவரை நியாயமான எல்லைக்குள் கட்டுப்படுத்தலாம். அதாவது உங்களை அது கட்டும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு என்பதைக் குறைக்கப் பாருங்கள். இன்னொன்று: மருத்துவமனையை முழுமையாக மொத்த விலைக்கு விற்றால், அது 36 மாதத்துக்கு மேல் உங்களிடம் இருந்திருந்தால், நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் (கூடுதல் வரிகள் தனி). விலையில் ஒரு பங்கைப் 'போட்டி போடாமைக்கான தொகை' என்று பிரித்து எழுதினால் அந்தப் பங்கு தொழில் வருமானமாகி, உங்கள் ஸ்லாப் விகிதத்தில் வரி விழும். கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டர் அந்த ஒரு பக்கத்தையாவது படிக்கட்டும்.

கட்டடம் உங்களுடையதுதான் என்பதால் வாடகை ஒப்பந்தத்தில் அவர்களுக்கும் லாக்-இன் காலம் (நடுவில் காலி செய்ய முடியாத காலம்) வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் ஆண்டே அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள், உங்கள் நோயாளிகளோடு.

கேள்வி: ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் வாசன் கண் மருத்துவமனைதான். அவ்வளவு முதலீடு வந்தும் ஏன் நிற்கவில்லை?
வாசகி, திருச்சி

உங்கள் ஊரில் பிறந்த நிறுவனம். செகோயா, சிங்கப்பூரின் ஜிஐசி எல்லாம் பணம் போட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் வந்தன. 2017-இல் சென்னைத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கைக்குள் போய், கடைசியில் ஏஎஸ்ஜி கைக்கு வந்தது.

அந்த நிறுவனம் என்றில்லை, எந்தச் சங்கிலிக்கும் ஆபத்து ஒரே இடத்தில்தான். வாடகை, மெஷின் கடனின் இஎம்ஐ, டாக்டர் சம்பளம் மூன்றும் முதல் மாதமே முழுசாக ஓடத் தொடங்கும். நோயாளிகள் கூட்டம் சேர இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். நடுவில் உள்ள பள்ளத்தைப் பழைய கிளைகளின் வரவு நிரப்பும். பழைய கிளை ஒன்றுக்குப் புதுக் கிளை ஒன்று என்றால் தாங்கும். மூன்று என்றால் பழைய கிளையில் லென்ஸ் வாங்கவே காசு இருக்காது.

கேள்வி: டாக்டர் அகர்வால்ஸ் பங்கு வெளியீட்டில் விண்ணப்பித்தேன். கண் மருத்துவ நிறுவனத்தின் கணக்கை எப்படிப் படிப்பது?
வாசகர், மயிலாப்பூர்

2025 ஜனவரி கடைசியில் வந்த அந்த வெளியீட்டின் அளவு சுமார் 3,027 கோடி ரூபாய். விலை மேல் வரம்பு 402. அதில் நிறுவனத்துக்குள் புதிதாகப் போனது 300 கோடிதான். மீதி, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்று எடுத்துக்கொண்டது. இது தவறில்லை, முதலீட்டு நிறுவனங்கள் வெளியே வரும் வழியே அதுதான். ஆனால் 'மூவாயிரம் கோடியில் கிளை திறப்பார்கள்' என்று நினைத்து வாங்கியவர்கள் ஆவணத்தைப் படிக்கவில்லை.

அடுத்து எபிட்டா விகிதம், அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம் வருவாயில் எத்தனை சதவீதம் என்பது. இன்றைய கணக்கு முறையில் எபிட்டாவுக்கு முன் கழிக்கும் செலவுகளில் நீண்டகால வாடகை வராது. தேய்மானமாகவும் வட்டியாகவும் கீழே போய்விடும். ஒரு கிளைக்கு மாத வருவாய் 50 லட்சம், சம்பளம், லென்ஸ், மருந்து முதலியவை 36 லட்சம், வாடகை 5 லட்சம் என்றால், உண்மையில் மிஞ்சுவது 9 லட்சம், 18 சதவீதம். புது முறையில் எபிட்டா 14 லட்சம், 28 சதவீதம் என்று மின்னும். கண் மருத்துவமனைகள் பெரும்பாலும் வாடகைக் கட்டடத்தில் ஓடுவதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. வாடகையைக் கழித்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாண்டுக்கு மேல் ஓடும் கிளைகளின் வளர்ச்சியைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கிளைகளை வாங்கிச் சேர்த்தால் மொத்த வருவாய் தானே ஏறும்.

கேள்வி: என் அம்மாவுக்கு (68) இரண்டு கண்ணிலும் புரை. ஒரு ஆஸ்பத்திரியில் லென்ஸுக்கு மூன்று பேக்கேஜ் சொன்னார்கள். கவுன்சலர் விலை கூடியதையே வற்புறுத்துகிறார். முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான இடம் என்பதால் இப்படியா?
வாசகி, நாகர்கோவில்

ஒரு அறுவைக்குச் சராசரி எவ்வளவு வருவாய் என்பது இந்தத் தொழிலில் முதலீட்டாளர் மாதாமாதம் பார்க்கும் எண். அது ஏறுவதற்குச் சுலபமான வழி லென்ஸ்தான். அதற்காக விலை கூடியது எல்லாமே வீண் என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

மோனோஃபோக்கல் லென்ஸ் தூரத்தைத் தெளிவாகக் காட்டும். படிக்கக் கண்ணாடி வேண்டும். கருவிழியில் சிலிண்டர் பவர் (வளைவு சீராக இல்லாததால் வருவது) இருந்தால் டோரிக் லென்ஸ் பயன்படும். ஆனால் அது சரியான கோணத்தில் உட்கார வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் பலனில் சுமார் 3 சதவீதம் போய்விடும், 30 டிகிரி திரும்பினால் போட்டதே வீண். மல்டிஃபோக்கல் லென்ஸ், கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். அம்மாவுக்குச் சர்க்கரையால் விழித்திரை வீக்கமோ, கண் அழுத்த நோயோ இருந்தால் மல்டிஃபோக்கல் வேண்டாம் என்பதே பெரும்பாலான சர்ஜன்களின் கருத்து. ஆகவே கவுன்சலரிடம் அல்ல, சர்ஜனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'சிலிண்டர் எவ்வளவு? விழித்திரை ஓசிடி ஸ்கேன் எப்படி இருக்கிறது?'

லென்ஸ் வகையைவிட அதன் பவரை அளப்பது முக்கியம். கண்ணின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் சுமார் இரண்டரை மாறும். பேனா போன்ற முனையைக் கருவிழியில் வைத்து அளக்கும் ஏ-ஸ்கேனில் டெக்னீஷியன் கொஞ்சம் அழுத்திவிட்டால் கண் குட்டையாகக் காட்டும். லென்ஸ் பவர் கூடிப்போய் அம்மாவுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும். ஒளியால் அளக்கும் ஆப்டிகல் பயோமெட்ரி கண்ணைத் தொடாது. புரை ரொம்ப முற்றியிருந்தால் அதில் அளவு கிடைக்காது, அப்போது ஏ-ஸ்கேன்தான்.

டிஸ்சார்ஜ் தாளில் லென்ஸ் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். மாடல், பவர், சீரியல் எண் அதில் இருக்கும். இன்சூரன்ஸில் புரைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருப்பு, ஒரு கண்ணுக்கு இவ்வளவு என்ற வரம்பு இரண்டும் உண்டு. டே கேர் அறுவை என்பதால் 24 மணி நேரம் தங்கவில்லை என்று கிளெய்மை மறுக்க முடியாது.

கேள்வி: நான் ஆப்டோமெட்ரிஸ்ட். சொந்த ஊரில் சிறிய பார்வை மையம் வைக்க ஆசை. என்னென்ன வேண்டும்?
வாசகர், பரமக்குடி

ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு மையம் என்பது அரவிந்தும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் நிறுவனமும் பின்பற்றும் அளவு. ஸ்லிட் லாம்ப், ஆட்டோ ரெஃப்ராக்டோமீட்டர், ட்ரயல் செட், கண் அழுத்தம் பார்க்கும் டோனோமீட்டர், ரெட்டினாஸ்கோப். விழித்திரையைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்ப ஃபண்டஸ் கேமரா. அதை இரண்டாம் ஆண்டு வாங்கலாம். எழுத்துப் பலகைக்கு ஆறு மீட்டர் தூரம் வேண்டும். அறை சிறியது என்றால் மூன்று மீட்டரில் கண்ணாடி மாட்டிப் பிரதிபலிப்பில் காட்டலாம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு பற்றி மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

காசு முடங்குவது மெஷினில் அல்ல, ஃப்ரேமில். முதல் சரக்கிலேயே முந்நூறு ஃப்ரேம் வாங்கி, அதில் நூறு தூசி படிந்து கிடக்கும். அறுபது எழுபதில் தொடங்கி, போனதை மட்டும் திரும்ப வாங்குங்கள். கண்ணாடி கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். ஊர் நோயாளி இரண்டு முறை அலைந்தால் மூன்றாம் முறை மதுரை பஸ் ஏறிவிடுவார். கடல் காற்றும் ஈரமும் உள்ள ஊர்களில் ஸ்லிட் லாம்ப் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இரவில் உறை போட்டு உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், அது நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரிக்குள்ளேயே கண்ணாடிக் கடையும் வைத்திருக்கிறோம். ஜிஎஸ்டி எப்படி?
வாசகர், வேலூர்

சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் பேக்கோ மெஷின் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. பார்வைக் கண்ணாடிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். கடைச் சரக்கின் வரியைக் கழித்துக்கொள்ளலாம். கட்டட வாடகை போல இரண்டுக்கும் பொதுவான செலவின் வரியை விற்பனை விகிதப்படி பிரித்துக் கடைப் பங்கை மட்டும் எடுங்கள்.