போனை வைத்துவிட்டு வங்கிக்கே அழைத்தும் ஏமாந்தது எப்படி?

லேண்ட்லைனில் வந்த ஒரு மோசடி அழைப்பை வைத்துவிட்டு, அதே போனிலிருந்து வங்கிக்கு அழைத்தும் உங்கள் அப்பா ஏமாந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வேறொரு போனிலிருந்து, வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் உடனே முடக்கச் சொல்லுங்கள். அந்த லேண்ட்லைனில் அப்பா பேசியது வங்கியோடு அல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பட்டு ரிசீவரை வைத்தார், சரியான எண்ணைத்தான் அழுத்தினார், பிறகு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: சில லேண்ட்லைன்களில், அழைத்தவர் வைக்காதவரை இணைப்பு சிறிது நேரம் அறுபடாது. மோசடிக்காரன் வைக்காமல் காத்திருந்து, பதிவு செய்த டயல் டோனை ஒலிக்கவிடுவான். அப்பா எண்களை அழுத்துவார், மணி அடிப்பதுபோல் கேட்கும், பிறகு வேறொரு குரல் வங்கியின் பெயரைச் சொல்லிப் பேசும். எல்லாம் அதே கூட்டம். அவர் கவனமாகத்தான் இருந்தார். இதை அவரிடம் சொல்லுங்கள், மனம் நொந்திருப்பார்.

உங்கள் லைனைச் சோதித்துப் பாருங்கள்:

1. செல்போனிலிருந்து லேண்ட்லைனுக்கு அழைத்து, எடுத்ததும் ரிசீவரை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் துண்டிக்க வேண்டாம்.
2. பத்து விநாடி கழித்து ரிசீவரை எடுக்கட்டும். உங்கள் குரல் கேட்டால் லைன் அறுபடவில்லை.

கேட்காவிட்டாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். இனி சந்தேக அழைப்பு வந்தால், வங்கியை வேறு போனிலிருந்தே அழையுங்கள். அது இல்லையென்றால், நன்கு பழகிய குரலுள்ள உறவினர் ஒருவரை முதலில் அழைத்துப் பாருங்கள்; வேறு குரல் கேட்டால் லைன் அறுபடவில்லை. செல்போனில் இந்தத் தந்திரம் நடக்காது. ஆனால் திரையில் வங்கியின் எண்ணையே போலியாகக் காட்ட அவர்களால் முடியும்.